ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளும் சுவைஞர்தம் ஆராய்ச்சியும்

கற்பனை மாந்தர் ஒருவரைக் கற்பார் உயிருடையவராகவே கருதி அன்பு செலுத்துதல் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. ஆயினும், தம் வாழ்க்கைக் குறிப்புக்களைப் பிறர் காலமுறைப்படி தொகுக்கவும், முரண்களை எடுத்துக்காட்டி அமைதி கூறவும், தம் பெயரால் கழகங்கள் நிறுவவும் காரணமாயிருந்த கற்பனை மாந்தர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர், ஆர்தர் கோனன் டாயில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ். இவ்வன்பு எங்ஙனம் ஆராய்ச்சியாக வளர்ந்தது, அதற்குக் கதைகளின் அமைப்பே காரணமாதல் எவ்வாறு, அவ்வாராய்ச்சி எவ்விடத்து எல்லை கடக்கின்றது என்பனவற்றைக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைகளும் வரவேற்பும்

டாயில் 1859-இல் எடின்பரோ நகரிற் பிறந்தவர், தொழிலால் மருத்துவர். ஹோம்ஸ் தோன்றும் முதற்கதை 1887-இல் வெளிவந்தது. அதன் உரிமை முழுவதையும் அவர் 25 பவுனுக்கு விற்றார். 1891 முதல் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வெளிவந்த சிறுகதைகளே அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தன. ஆயின், அவர் உயர்வாக மதித்தவை தம் வரலாற்று நாவல்களே. துப்பறியும் கதைகள் அவற்றை மறைக்கின்றன என்று கருதிய அவர், 1893 டிசம்பரில் வெளியான ‘இறுதிச் சிக்கல்’ என்னும் கதையில், சுவிட்சர்லாந்து நாட்டு ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸ் மாய்ந்ததாக எழுதி முடித்தார்.

கற்போர் சினந்தனர். பெண்மணி ஒருவர் தம்மை வைது மடல் எழுதியதை டாயிலே 1924-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் குறித்துள்ளார். இலண்டன் இளைஞர் கருநிறப் பட்டை அணிந்து துயர் காத்தனர் என்னும் செய்தியும் பல நூல்களில் இடம்பெறுகின்றது. ஆயின், அதனை எடுத்துரைப்போர் 1893-ஆம் ஆண்டைச் சார்ந்த சான்று காட்டுதல் அரிது. முன்னது சான்றுடைய செய்தி; பின்னது அன்பர் வழிவழி வழங்கும் செய்தி. இவ்வேறுபாட்டை ஈண்டே மனங்கொள்ளல் நலம். இது பின்னர் வேண்டப்படும்.

1903-இல் டாயில் ஹோம்ஸை உயிருடன் மீட்டார். 1927 வரை எழுதினார். நாவல் 4, சிறுகதை 56 ஆக, 60 கதைகள் நமக்குக் கிடைத்துள்ளன.

விளையாட்டாகத் தோன்றிய ஆராய்ச்சி

1911-இல் ரானல்ட் நாக்ஸ் என்பார் ஆக்சுபோர்டில் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். விவிலியப் பகுதிகளைப் பல கையினர் எழுதியனவாகப் பிரித்துக் காட்டிய அக்காலத் திறனாய்வு முறையை நகையாடுதலே அவர்தம் கருத்து. அதன்பொருட்டு, இல்லாத அறிஞர்களை மேற்கோளாகக் காட்டினார். ஹோம்ஸ் கதைக்கு உறுப்புக்கள் 11 என வகுத்தார். அதனைக் கண்ட டாயில், இத்தகைய கதைகளின்மீது ஒருவர் இத்துணை உழைப்பைச் செலவிட்டமை குறித்து வியந்து 1912-இல் அவருக்கு மடல் எழுதினார்.

நகையாகத் தொடங்கியது பிறர் கையில் மெய்யார்வமாக முதிர்ந்தது. 1934-இல் கிறிஸ்டோபர் மார்லி நியூயார்க்கில் ‘பேக்கர் ஸ்ட்ரீட் இர்ரெகுலர்ஸ்’ என்னும் கழகத்தை நிறுவினார். இலண்டன் ஷெர்லாக் ஹோம்ஸ் கழகம் 1951-இல் தோன்றியது. ஹோம்சும் அவர் நண்பர் வாட்சனும் மெய்யாக வாழ்ந்தவர்; கதைகளை எழுதியவர் வாட்சன்; டாயில் அவற்றை அச்சேற்ற உதவிய இடையாளர் மட்டுமே. இதுவே இவ்வாராய்ச்சியாளர் மேற்கொண்ட விளையாட்டு விதி.

இவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்களுள் சில காண்போம். வாட்சன் ஆப்கானியப் போரிற் பெற்ற புண் முதற்கதையில் தோளிலும் இரண்டாங்கதையில் காலிலும் உள்ளது. அவர் பெயர் ஜான் எச். வாட்சன்; ஆயின் 1891-இல் வந்த ஒரு கதையில் அவர் மனைவி அவரை ஜேம்ஸ் என அழைக்கின்றார். ஹோம்ஸ் மாண்டதாக உலகம் நம்பிய 1892-ஆம் ஆண்டிலேயே, அவர் இலண்டனிலிருந்து துப்பறிந்ததாக மற்றொரு கதை கூறுகின்றது.

பெயர் முரணுக்கு டாரதி சேயர்ஸ் கூறிய அமைதி நயமுடையது. ‘எச்’ என்பது ஹேமிஷ் என்பதன் முதலெழுத்து. ஹேமிஷ் என்பது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவம். ஆதலின் மனைவி கணவனை அவர்தம் இரண்டாம் பெயரால் அழைத்தாள் என்பது அவர் கருத்து. நம் உரையாசிரியர் வழுவமைதி காட்டும் திறத்தை அறிந்தார்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. மூலம் பிழைபடாது என்னும் துணிவும், ஒரு சொல்லையும் வீணென்று விடாத கூர்மையும் இரண்டிற்கும் பொது.

மெய்ம்மைத் தோற்றத்தின் காரணம்

கற்பாரை இங்ஙனம் நம்பவைத்தது யாது? ஹோம்ஸின் அறிவாற்றல் மட்டும் எனின் அது நிரம்பாது. வாட்சன் கதை கூறும் முறையிலேயே காரணம் அமைந்துள்ளது. அவர் எல்லாவற்றையும் கூறுவதில்லை. சிலர் பெயரை மறைத்ததாகச் சொல்வார். இன்னும் எழுதப்படாத வழக்குகளைப் பெயரளவிற் சுட்டிச் செல்வார். அவற்றின் குறிப்புக்கள் வங்கியொன்றில் தகரப் பெட்டியுள் உள்ளன என்பார். சொல்லாது விட்டன உள என்று அறிந்தவுடன், நூலுக்குப் புறத்தே ஓர் உலகம் உண்டு என்னும் எண்ணம் கற்பார் உள்ளத்தில் எழுகின்றது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. இரண்டாங்கதையின் தொடக்கத்தில், வாட்சன் எழுதிய முதற்கதையை ஹோம்ஸே குறைகூறுகின்றார். அறிவுத்துறைச் செய்தியில் காதற்சுவையைக் கலந்துவிட்டதாகக் கடிந்துரைக்கின்றார். கதைமாந்தரே கதையைத் திறனாயுங்கால், எழுத்து வேறு, நிகழ்ச்சி வேறு என்றாகின்றது. எழுத்தை நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பிழை காணும் உரிமையும் கற்பார்க்குக் கிடைத்துவிடுகின்றது. ஆகவே, அன்பர்தம் ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் டாயிலே ஆவர். அவ்வித்து இத்துணை வளரும் என்பதனை அவர் எதிர்நோக்கவில்லை.

எல்லை கடத்தல்

எனினும், படைத்தவரை இடையாளராக்கும் விதி விளையாட்டளவில் நிற்றல் வேண்டும். முரண்களின் உண்மைக் காரணம் டாயிலிடத்தே உள்ளது. இதழின் தேவைக்கேற்ப விரைந்து எழுதினார். முன்னெழுதியதைத் திரும்பப் பார்த்தல் குறைவு. 1892-இல் வெளிவந்த ‘சில்வர் பிளேஸ்’ என்னும் கதையில் குதிரைப் பந்தய விதிகள் தவறாக உள்ளன என இதழொன்று எள்ளியதைக் குறிப்பிட்டு, நுண்செய்திகளைப் பற்றித் தாம் அஞ்சியதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எம்முரணுக்கும் அமைதி கூறுவோர் இவ்வுண்மையைக் காணமாட்டார். எழுத்தாளன் பணிசெய்த சூழல் அவர் கண்ணிலிருந்து மறைகின்றது.

அதனினும் பெரிய இழப்பும் உண்டு. குதிரைகளைச் சிதைத்ததாக 1903-இல் தண்டிக்கப்பெற்ற ஜார்ஜ் எடல்ஜியை டாயில் முதன்முறை கண்டபோது, அவர் செய்தித்தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்தலை நோக்கினார். இத்துணைப் பார்வைக் குறையுடையார் இருளில் வயல்வெளி கடந்து அக்குற்றம் செய்தல் அரிது எனத் துணிந்து, 1907-இல் அவர் பொருட்டு இதழ்களில் எழுதினார். அவ்வாண்டே எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பெற்றது. ஹோம்ஸின் கண் யாருடைய கண் என்பது இதனால் தெளிவாகும். இவரை வெறும் இடையாளர் என்றல் நயமான விளையாட்டு. அதனையே மெய்யெனக் கொள்ளுதல் நன்றி மறத்தலாகும்.

முடிவுரை

நாக்ஸின் நகை நம்மையும் தொடும். சான்றுகளைத் திறம்பட அடுக்கின் எம்முடிபையும் நாட்டிவிடலாம் என்பதனை அது காட்டுகின்றது. புலவர் வரலாறுகளைத் தனிப்பாடற் கதைகளினின்று திரட்டும்போதும், நூலின் முரண்களை இடைச்செருகல் என்றோ அமைதி என்றோ தீர்க்கும்போதும், நாமும் அவ்விளையாட்டில் இறங்கியிருத்தல் கூடும். இவ்வன்பர் தாம் ஆடுவது ஆட்டம் என்று அறிந்தே ஆடினர். கருநிறப் பட்டைச் செய்தியை வரலாறாக எடுத்துரைப்பார்க்கு அவ்வறிவு இல்லை. ஆராய்ச்சி மாணவர் இவர்களிடம் கற்க வேண்டியவை இரண்டு: ஒரு சொல்லையும் விடாது கற்கும் அன்பு ஒன்று, தம் முடிபு எவ்வளவிற்குச் சான்றால் நிற்கின்றது, எவ்வளவிற்கு அன்பால் நிற்கின்றது என்று தம்மையே வினவும் நேர்மை மற்றொன்று.