ஆம்புலன்ஸுக்குக் காப்பீடு கட்டாயம், மருத்துவமனைக்கு?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓடும் தனியார் ஆம்புலன்ஸ் எதுவும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த வண்டி யாரையாவது மோதிவிட்டால், ஓட்டுநர் மீது தவறு இருந்தது என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு 2.5 லட்சமும் கோர வழி உண்டு. அதே ஆம்புலன்ஸ் நோயாளியைக் கொண்டுபோய் இறக்கும் நர்சிங் ஹோமில் தவறு நடந்தால்? அங்கே காப்பீடு வைத்திருப்பதும் வைக்காததும் நடத்துபவரின் விருப்பம்.

மருத்துவக் கவனக்குறைவுக்கு இழப்பீடு தேட நம் நாட்டில் வளர்ந்திருக்கும் முறையை எடைபோட இந்த முரண்பாடு போதுமான தொடக்கம். வழக்குப் போடுவதை மிக எளிதாக்கினோம். தீர்ப்புக்குக் காலவரையறையை ஏட்டில் மட்டும் வைத்தோம். தீர்ப்பு வந்தபின் பணம் எங்கிருந்து வரும் என்பதை யோசிக்காமலே விட்டோம். இதனால் நோயாளிக்கும் நிம்மதி இல்லை, டாக்டருக்கும் நிம்மதி இல்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற இடங்களில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு பக்கம் வேலப்பன்சாவடி, தண்டலம் வரை வரிசைகட்டி நிற்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். இன்னொரு பக்கம் சி.டி.எச். சாலையிலும் அதன் உட்தெருக்களிலும் பத்து இருபது படுக்கையோடு கணவனும் மனைவியுமாக டாக்டர்கள் நடத்தும் சிறு நர்சிங் ஹோம்கள். பெரிய நிறுவனம் தாங்கும் அடியைச் சிறிய இடம் தாங்காது.

முறையின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, மருத்துவம் அதற்குள் வருமா என்பது தெளிவாக இல்லை. நோய் கண்டறிந்து சிகிச்சை தருவது அந்தச் சட்டம் சொல்லும் சேவை ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றியது. கட்டணம் வாங்கித் தரும் சிகிச்சை சேவைதான். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகத் தரப்படுவது மட்டும் சேராது. கட்டணமும் இலவசமும் கலந்த இடத்தில் இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு என்று அது வகுத்தது. 2019இல் புதிய சட்டம் வந்ததும், மருத்துவத்தை அதிலிருந்து விலக்க டாக்டர்கள் தரப்பு மீண்டும் முயன்றது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

இதில் அம்பத்தூருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு கிளை உண்டு. 1960களில் உருவான தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிய பட்டறைகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு வைத்தியம் என்றால் இ.எஸ்.ஐ.தான். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் மாதந்தோறும் போகிறது. பில் கட்டாமல் வெளியே வருவதால் இதை இலவச வைத்தியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சந்தா கட்டிய தொழிலாளி நுகர்வோர்தான் என்று 2007இல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லேத் ஓட்டும் தொழிலாளியும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையைக் கேள்வி கேட்கலாம். இந்த முறையின் மிகப் பெரிய சாதனை இதுவே.

செலவுக் கணக்கையும் பார்க்கலாம். சிவில் நீதிமன்றத்தில் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டால், தமிழ்நாட்டில் 3 சதவீத நீதிமன்றக் கட்டணப்படி 60,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். 2017க்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது. நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம், கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல; சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த கூடுதல் வசதி. ஆவடிக்காரர் புறநகர் ரயிலேறித் திருவள்ளூர் போனால் போதும்.

வாசல் திறந்தே இருக்கிறது. சிக்கல் உள்ளே போனபிறகுதான்.

மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை என்ன என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1996 ஆகஸ்ட் இறுதியில் எழும்பூர் அரசு தாய்-சேய் மருத்துவமனையில் குறைமாதத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண் பரிசோதனை செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. குழந்தை பார்வை இழந்தது. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று எதிர்கால வைத்தியத்துக்கு 1.38 கோடியும், அதுவரை ஆன செலவுக்கு ஏறத்தாழ 43 லட்சமும் வழங்கத் தீர்ப்பளித்தது. அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. தொகை நியாயமானதுதான். ஆனால் ஒரு குழந்தைப் பருவம் முழுவதற்கும் தேவைப்பட்ட பணம், அந்தப் பருவம் முடிந்தபின் வந்தது.

இரண்டாவது குறை, 5 லட்சத்துக்கும் 1.8 கோடிக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளம். ஒரே வழக்கு, ஒரே ஆவணங்கள். இரண்டு அமைப்புகள் போட்ட கணக்கில் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். கொல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் 1998இல் இறந்த வழக்கிலும் தேசிய ஆணையம் சொன்ன தொகையை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடியாக உயர்த்தி, அதற்கு வட்டியும் தரச் சொன்னது. மோட்டார் வாகன விபத்துகளில் வயதையும் வருமானத்தையும் வைத்துப் பெருக்கும் கணக்கு இருக்கிறது. மருத்துவ வழக்குகளில் அது போதாது என்று உச்ச நீதிமன்றமே அந்த வழக்கில் ஒதுக்கிவைத்தது. பாதிக்கப்பட்டவரைப் பழைய நிலைக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு தர வேண்டும் என்பது அதன் பின்னுள்ள நியாயம். நியாயம் சரி. ஆனால் எவ்வளவு வரும் என்று முன்கூட்டி யாரும் ஊகிக்க முடியாத இடத்தில் நோயாளி சமரசத்துக்கு இறங்க மாட்டார், காப்பீட்டு நிறுவனமும் சீக்கிரம் பணம் தர முன்வராது.

காப்பீடு என்ற கருவியை இந்த இடத்தில்தான் சோதிக்க வேண்டும். டாக்டர்கள் எடுக்கும் தொழில்சார் பொறுப்புக் காப்பீட்டை யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தனியாரும் விற்கிறார்கள். மருந்து எழுதித் தரும் பொது மருத்துவருக்குப் பிரீமியம் குறைவு. அறுவைச் சிகிச்சை செய்பவருக்கு அதிகம். மயக்க மருந்து நிபுணருக்கும் பிளாஸ்டிக் சர்ஜனுக்கும் இன்னும் அதிகம். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை அல்ல. அங்கே சில மாநிலங்களில் மகப்பேறு மருத்துவர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கட்டுகிறார்.

நம் பாலிசியில் விலையைவிட ஓட்டைகளே கவலை தருவன. முதலாவது, இது சம்பவம் நடந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. புகார் வந்த ஆண்டில் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆவடியில் கிளினிக்கை மூடிவிட்டு ஓய்வுபெற்ற டாக்டர் புதுப்பிக்காமல் விட்டால், போன வருடத்து அறுவைச் சிகிச்சைக்கு இந்த வருடம் நோட்டீஸ் வரும்போது அவர் கையில் எதுவும் இருக்காது. இரண்டாவது, சிறு நர்சிங் ஹோமில் சர்ஜன் ஒரு இடத்திலிருந்தும் மயக்க மருந்து நிபுணர் வேறு இடத்திலிருந்தும் 'விசிட்டிங்' வருகிறார்கள். ஆளுக்கொரு பாலிசி, நர்சிங் ஹோமுக்குத் தனியாக இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். தவறு நடந்தால் ஒரு பாலிசி இன்னொன்றைக் கை காட்டும். மூன்றாவது, பிரீமியத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரில் வரி நீங்கியது, இதற்கு நீங்கவில்லை. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் கட்டிய வரியை டாக்டர் திரும்பப் பெறவும் முடியாது. கடைசியில் அது நோயாளியின் பில்லில்தான் ஏறும்.

இதோடு இன்னொரு நெருக்கடியும் உண்டு. மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, இழப்பீட்டில் 50 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். நல்ல பாலிசி இல்லாத பத்துப் படுக்கை நர்சிங் ஹோமுக்கு, 30 லட்சம் தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டு வாசலிலேயே 15 லட்சம் வேண்டும். பொய்யான, தொல்லைக்காகப் போட்ட புகார் என்றால் மனுதாரர் 10,000 ரூபாய் வரை செலவுத்தொகை தரவேண்டும் என்ற பழைய சட்டத்தின் பிரிவு, புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. டாக்டர்களின் மனக்குறையில் இந்தப் பகுதியை ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் அவர்களை இரவில் தூங்கவிடாதது நுகர்வோர் ஆணையம் அல்ல. காவல் நிலையமும் கூட்டமும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் இன்று ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. பிரசவத்தில் மரணம் என்றால் உறவினர்கள் முதலில் போவது திருவள்ளூருக்கு அல்ல, பக்கத்து ஸ்டேஷனுக்கு. பெருங்கவனக்குறைவு இருந்தால்தான் குற்றவழக்கு, அதற்கும் முன் சார்பற்ற மருத்துவரின் கருத்து வேண்டும், வழக்கம்போல் கைது செய்யக் கூடாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை என்றும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்றும் பிரித்தது. 2008இல் தமிழ்நாடு இயற்றிய மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம், தாக்குவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. இத்தனைக்குப் பிறகும் 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். எந்த இன்ஷூரன்ஸ் பாலிசியும் இதற்கு மருந்தல்ல.

கூட்டத்தின் கோபம் எங்கிருந்து பிறக்கிறது? என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொல்லாத இடத்தில் பிறக்கிறது. கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இந்த விதி தெரிந்த நோயாளியும் குறைவு, தானாக முன்வந்து தரும் மருத்துவமனையும் குறைவு. வாய்திறந்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று டாக்டர் நினைக்கிறார். வாய்திறக்காததாலேயே வழக்கு வருகிறது.

அரசு மருத்துவமனையில் இன்னொரு வழி கையாளப்படுகிறது. 2022 நவம்பரில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இளம் கால்பந்து வீராங்கனை இறந்தபோது, அரசு சில நாட்களிலேயே 10 லட்சம் ரூபாயும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும், வீடும் தந்தது; டாக்டர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் அது முதலமைச்சரின் கருணையாக வந்தது, சட்டத்தின் உரிமையாக வரவில்லை. செய்தித்தாள்களில் இடம்பெறாத மரணத்துக்கு அந்த வேகம் கிடைக்காது.

இதற்கெல்லாம் தீர்வு இழப்பீட்டுக்கு உச்சவரம்பு என்று இந்திய மருத்துவச் சங்கம் கேட்டுவருகிறது. 2017இல் டெல்லியில் நடத்திய போராட்டத்திலும் இந்தக் கோரிக்கை இருந்தது. முன்னுதாரணம் உண்டு. கலிஃபோர்னியா 1975இலும் டெக்சாஸ் 2003இலும் மன வேதனைக்கான இழப்பீட்டை 2,50,000 டாலரோடு நிறுத்தின. இரண்டு செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். அங்கே வரம்பு மன வேதனைக்கு மட்டும். வைத்தியச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் இல்லை. மேலும், நாற்பத்தேழு ஆண்டு மாற்றாமல் வைத்திருந்த வரம்பைக் கலிஃபோர்னியாவே 2022இல் உயர்த்த ஒப்புக்கொண்டது. அங்கே நடுவர் குழு தரும் மாபெரும் தொகைகள் கட்டுப்படுத்த வேண்டியவையாக இருந்தன. இங்கே நடுவர் குழுவே கிடையாது. கோடியைத் தொடும் தீர்ப்புகள் அரிது. அவற்றிலும் பல, ஆயுள் முழுதும் பராமரிப்பு வேண்டிய வழக்குகள். உச்சவரம்பு வந்தால் வெட்டுப்படுவது எழும்பூர்க் குழந்தையின் பங்குதான்.

வழக்குப் பயத்தால் டாக்டர்கள் தேவையற்ற ஸ்கேனும் சிசேரியனும் செய்கிறார்கள் என்ற வாதத்தையும் அளந்தே ஏற்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். பயம் ஒரு காரணமாக இருக்கலாம். பில்லும், நாள் பார்த்துக் குழந்தை பெறும் குடும்பங்களின் விருப்பமும், இரவுப் பணிக்கு ஆளில்லாததும் அதோடு சேர்கின்றன. எல்லாவற்றையும் வழக்கின் தலையில் கட்டுவது நேர்மையாகாது.

ஆகவே தொகையைக் குறைப்பதைவிடப் பாதையைச் சுருக்குவதே தேவையான சீர்திருத்தம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே இருக்கிறது, 2018இல் திருத்தவும் பட்டது. அதன்கீழ் பதிவு பெறவும் புதுப்பிக்கவும், விசிட்டிங் டாக்டர்களையும் உள்ளடக்கிய ஒரே நிறுவனக் காப்பீட்டை நிபந்தனையாக்கலாம். சிறு நர்சிங் ஹோம்கள் தனித்தனியாக இல்லாமல் வட்டாரமாகச் சேர்ந்து எடுத்தால் பிரீமியம் இறங்கும். வரியை நீக்கினால் இன்னும் இறங்கும். நுகர்வோர் ஆணையமும் காவல் துறையும் ஒரே நிபுணர் குழுவிடம் கருத்துக் கேட்கட்டும். அந்தக் குழு அறுபது நாளில் எழுத்தில் பதில் தரட்டும். வாகன விபத்தில் இருப்பதுபோல், தவறை நிரூபிக்கும்வரை காத்திராமல் ஒரு குறைந்தபட்சத் தொகை மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உடனே கிடைக்கட்டும். மீதியை வாதாடித் தீர்த்துக்கொள்ளலாம். நியூசிலாந்து 1974 முதலே விபத்து இழப்பீட்டைத் தவறு நிரூபிப்பதிலிருந்து பிரித்து, பொது நிதியிலிருந்து தந்துவருகிறது.

1995 தீர்ப்பு நோயாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தது. அதைத் திரும்பப் பெறுவதும் வேண்டாம், வரம்பு கட்டிச் சுருக்குவதும் வேண்டாம். லாரிக்கும் ஆட்டோவுக்கும் கட்டாயமாக்கிய காப்பீட்டை அறுவை அரங்குக்கும் கட்டாயமாக்க ஒரு சட்டத் திருத்தம் போதும். அதுவரை, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவரும் சம்மரியோடு கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். மருத்துவமனை பதிவேட்டை வைத்திருக்க வேண்டியதும் மூன்றாண்டுதான்.