படிக்கட்டுப் படமும் வடிகட்டியும்

இலக்கமுறை ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும் நூல்களில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். வழவழப்பான அலைக்கோடு ஒன்று. அதன்மீது சம இடைவெளியில் நிறுத்திய செங்குத்துக் கோடுகள். அக்கோடுகளின் தலைகளைத் தொட்டுக்கொண்டு ஏறி இறங்கும் ஒரு படிக்கட்டு. அலைக்கோட்டுக்கு 'மூல ஒலி' என்றும் படிக்கட்டுக்குப் 'பதிவான ஒலி' என்றும் பெயர் இட்டிருப்பார்கள். படம் எளியது, ஒருமுறை பார்த்தால் மறவாது. அதுவே அதன் குறையும் ஆகும். மறவாமல் நிற்கும் அந்தப் படம் தவறான பாடத்தைக் கற்பிக்கிறது என்பதை இங்கே காட்ட முயல்கிறேன்.

வகுப்பில் இயற்பியல் மாணவர்களிடம், 'குறுந்தகட்டில் ஒலி ஏன் நன்றாக இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். 'படிகள் மிகச் சிறியவை. காது ஏமாந்துவிடுகிறது' என்பதே பலருடைய விடையாக இருக்கும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே இருந்த ஒலி தொலைந்து போயிற்று, வினாடிக்கு இன்னும் அதிக மாதிரிகள் எடுத்தால் தொலைவது குறையும் என்ற நம்பிக்கை அந்த விடைக்குள் இருக்கிறது. இரண்டுமே உண்மையல்ல. வடிகட்டி என்ற உறுப்போ இந்த விளக்கத்தில் இடமே பெறுவதில்லை. இடம் பெற்றாலும் 'படிகளைச் சற்று மழுப்புவதற்காக' என்று கடைசி வரியில் ஒரு சொல்லோடு முடிந்துவிடும்.

நமக்குப் பழக்கமான தொலைபேசியிலிருந்து தொடங்குவோம். 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் நம் நாட்டு ஊர்ப்புறங்களுக்கென்று 128 முனைகள் கொண்ட சிறிய இலக்கமுறை இணைப்பகங்களை வடிவமைத்தது. குளிர்சாதன வசதியில்லாத சிற்றூர்க் கட்டடத்திலும் இயங்கக் கூடியவை அவை. இலக்கமுறைத் தொலைபேசியில் குரலின் மின்னழுத்தம் வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட் எண்ணாக மாறுகிறது. ஆக, வினாடிக்கு 64,000 பிட்டுகள். ஆனால் அளப்பதற்கு முன்பே ஒரு வேலை நடந்து முடிந்துவிடுகிறது. 3,400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை வடிகட்டி தடுத்துவிடுகிறது. ஏன்?

முக்கோணவியல் அட்டவணை ஒன்று கையில் இருந்தால் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். 3,200 ஹெர்ட்ஸ் உள்ள ஒரு தூய சுரத்தை வினாடிக்கு 8,000 முறை அளக்கிறோம் என்று கொள்வோம். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே அலை 144 பாகை நகர்கிறது. கொசைன் மதிப்புகளை எழுதுங்கள்: 1, −0.809, 0.309, 0.309, −0.809, மீண்டும் 1. இப்போது 4,800 ஹெர்ட்ஸ் சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு முறையும் 216 பாகை நகர்கிறது. அதன் மதிப்புகள்: 1, −0.809, 0.309, 0.309, −0.809, 1. எண்ணுக்கு எண் அதேதான்! இரண்டு வேறு சுரங்கள்; ஒரே பட்டியல். எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. அளவின் நுட்பத்தைக் கூட்டினாலும் பயனில்லை; எட்டுப் பிட்டுக்குப் பதில் இருபத்து நான்கு பிட்டில் அளந்தாலும் இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே மாதிரி எடுப்பதில் உள்ள இடர் 'இடையில் தொலைந்து போவது' அன்று. ஓர் ஒலி இன்னொன்றின் வேடத்தில் வந்து நிற்பதுதான் இடர். இதைத் தீர்க்க ஒரே வழி, 4,000-க்கு மேல் எதுவும் உள்ளே வரவில்லை என்று முன்கூட்டியே உறுதி செய்வதாகும். அந்த உறுதியைத் தருவது வடிகட்டி. உறுதி கிடைத்துவிட்டால் மேற்கண்ட பட்டியலுக்கு 3,200 ஹெர்ட்ஸ் என்ற ஒரே பொருள்தான் உண்டு; மாதிரிகளுக்கு இடையே அலை எப்படிச் சென்றது என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். தொலைந்தது எதுவும் இல்லை.

இதைத்தான் மாதிரித் தேற்றம் என்கிறோம். நைக்விஸ்ட் 1928-இல் தந்திச் செலுத்துகை பற்றி எழுதியபோது இதன் ஒரு முகத்தைக் கண்டார். சோவியத் நாட்டில் கொதேல்நிகோவ் 1933-இலும், அமெரிக்காவில் ஷானன் 1949-இலும் முழு வடிவம் தந்தார்கள். ஷானனின் கூற்று 'ஆனால்' என்ற நிபந்தனையில் தொடங்குவது: ஓர் அலையில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் இல்லையானால், அவ்வரம்பின் இருமடங்கு வேகத்தில் எடுத்த மாதிரிகள் அதை முழுமையாகத் தீர்மானிக்கும். நம் நூல்கள் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முன்பாதியைக் கைவிட்டுவிடுகின்றன. 'இருமடங்கு வேகத்தில் அளந்தால் போதும்' என்று மனப்பாடம் செய்த மாணவர், இல்லாத ஒரு தேற்றத்தையே மனப்பாடம் செய்திருக்கிறார்.

பழைய திரைப்படங்களில் ஜட்கா வண்டி வேகமெடுக்கும்போது சக்கரத்தின் ஆரக்கால்கள் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். வினாடிக்கு 24 படம் எடுக்கும் கேமரா வண்டிச் சக்கரத்துக்குச் செய்வதையே வடிகட்டியில்லாத மாற்றி ஒலிக்குச் செய்கிறது. கண்ணுக்கு வேடிக்கையாக இருப்பது காதுக்கு அப்படி இருப்பதில்லை.

நம் இசையில் இதன் விளைவு என்ன? தம்புராவை எடுத்துக்கொள்வோம். அதன் குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல்தான் அந்த நாதத்தின் உயிர் என்பதை வித்துவான்கள் அறிவார்கள். வீணை, தம்புரா ஆகியவற்றின் வளைந்த குதிரையைச் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1921-இல் எழுதினார். மீட்டும் இடத்தைப் பொறுத்து, பழைய விதியின்படி எழக் கூடாத மேற்சுரங்களும் இக்கருவிகளில் வலுவாக எழுகின்றன என்று அவர் காட்டினார். மேற்சுரங்களின் செல்வமே தம்புரா எனலாம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். அதன் 17-ஆம் மடங்கு 4,080. 18-ஆம் மடங்கு 4,320. 20-ஆம் மடங்கு 4,800. வடிகட்டியின்றி வினாடிக்கு 8,000 முறை அளந்தால் இவை முறையே 3,920, 3,680, 3,200 என்று மடிந்து வீழும். இந்த எண்களை 240-ஆல் வகுத்துப் பாருங்கள். எதுவும் மீதியின்றி வகுபடாது. மடிந்து வந்த ஒவ்வொன்றும் உண்மையான இரு மேற்சுரங்களுக்கு இடையில், எந்தச் சுருதிக்கும் உரிமையில்லாத இடத்தில் போய் அமர்கிறது. சுருதிக்கென்றே பிறந்த கருவி சுருதி கலைந்து ஒலிக்கிறது.

நாகசுரத்தில் நிலைமை இன்னும் விபரீதம். வித்துவான் 480 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்கு ஜாருவாக ஏறுகிறார். அப்போது பத்தாம் மடங்கு 4,800-லிருந்து 5,000-க்கு ஏறும். மடிந்த ஒலியோ 3,200-லிருந்து 3,000-க்கு இறங்கும். கமகம் ஏற ஏற, கூடவே ஒரு நிழல் இறங்கிக்கொண்டிருக்கும். இப்படிப் பதிவான ஒன்றைக் கேட்டவர், 'ஏதோ டிஜிட்டல் ஒலி, ஜீவனில்லை' என்பார். அவர் காது பொய் சொல்லவில்லை. ஆனால் பழி போக வேண்டிய இடம் எண்முறையன்று, விட்டுப்போன வடிகட்டி.

பெண்ணாடம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவரிடம் பழைய ஒலிநாடாக்கள் உண்டு. கோயில் திருவிழாவில் வாசித்த நாகசுரம், தேவார முற்றோதல், மறைந்த தாத்தாவின் குரல். 'இவற்றைக் கணினியில் ஏற்றித் தர முடியுமா சார்?' என்று கேட்டு வருகிறார்கள். ஏற்றுவது கடினமல்ல. கோப்பின் அளவைக் குறைக்கிறோம் என்று சிலர் செய்யும் வேலைதான் அச்சம் தருகிறது. வினாடிக்கு 48,000 மாதிரி உள்ள பதிவில் ஆறில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் எறிந்துவிடுகிறார்கள். படிக்கட்டுப் படத்தின்படி இதில் பெரிய குற்றமில்லை; படிகள் கொஞ்சம் பெரியவையாகும், அவ்வளவுதான். உண்மையில் 4,000-க்கு மேல் 24,000 வரை இருந்த அனைத்தும் கீழே மடிந்து வந்து சேர்ந்துவிடுகிறது. நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் சீராக உள்ளது என்று வைத்துக்கொண்டால், முறைப்படி வடிகட்டிச் சுருக்கிய பதிவைவிட இதில் இரைச்சலின் ஆற்றல் ஆறு மடங்கு! பிறகு எந்த வடிகட்டியைப் போட்டாலும் மீட்க முடியாது. 3,200-இல் உள்ளது சொந்த ஒலியா, 4,800-லிருந்து வந்த விருந்தாளியா என்று பிரித்தறிய வழியில்லை என்பதை மேலே கண்டோம். நாடாவும் பூஞ்சை பிடித்துவிட்டால் தாத்தாவின் குரல் அந்த வடிவிலேயே நின்றுவிடும்.

இனி எண்களிலிருந்து ஒலிக்குத் திரும்பும் வழி. இங்குதான் படிக்கட்டு உண்மையிலேயே தோன்றுகிறது. அடுத்த எண் வரும்வரை மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் மாற்றியின் வெளியீடு படிக்கட்டாகவே இருக்கும். ஆனால் அது பாதி வழியில் உள்ள பண்டம், சலித்தெடுக்காத மாவு. வினாடிக்கு 44,100 மாதிரி கொண்ட குறுந்தகட்டில் 19,000 ஹெர்ட்ஸ் சுரம் இருந்தால், படிக்கட்டில் அதனுடன் 25,100 ஹெர்ட்ஸ் பிம்பமும் மேலும் பல பிம்பங்களும் இருக்கும். 25,100 காதுக்குக் கேளாதே என்பீர்கள். சரிதான். ஆனால் ஒலிபெருக்கியின் கோணல் சிறிதளவு இருந்தாலும் இரண்டும் கலந்து, வேறுபாடான 6,100 ஹெர்ட்ஸ் பிறக்கும். அது நன்றாகவே கேட்கும். மேலும், படிக்கட்டு உயர்ந்த சுரங்களை மெலிய வைக்கிறது. 20,000 ஹெர்ட்ஸில் அலைவீச்சு ஏறத்தாழ 70 விழுக்காடுதான் தேறும். இவ்விரண்டையும் சரிசெய்வது வெளியீட்டு வடிகட்டி. புள்ளிகளின் வழியே எண்ணற்ற வளைகோடுகள் வரையலாம். அவற்றுள் வரம்புக்கு உட்பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு 'மழுப்புதல்' என்ற பெயர் பொருந்தாது.

வடிகட்டியே இல்லாத மாற்றிகளைச் செய்து, 'இயற்கையான ஒலி' என்று நல்ல விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தை நேர்மையாகக் கேட்க வேண்டும். கூரிய வடிகட்டிக்கு ஒரே ஒரு துடிப்பைக் கொடுத்தால், அத்துடிப்புக்கு முன்னும் பின்னும் சிற்றலைகள் எழுகின்றன. அடிக்கும் முன்பே மணி ஒலிப்பது இயற்கையா என்று கேட்கிறார்கள். சிற்றலைகள் எழுவது உண்மை. ஆனால் அந்த ஒற்றைத் துடிப்பு சோதனைக்காகவே புனைந்தது. வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் நிறைந்த அது, உள்வாயில் வடிகட்டியுள்ள எந்தப் பதிவுக்குள்ளும் அவ்வடிவில் நுழைந்திருக்க முடியாது. அந்தச் சிற்றலைகளின் அதிர்வெண்ணும் வரம்பை ஒட்டியே, அதாவது 22,050 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. கேளாத சிற்றலைக்கு அஞ்சிக் கேட்கும் கோணலை விலைக்கு வாங்குவது நல்ல வாணிபமாகத் தெரியவில்லை.

மற்றொரு குழப்பத்தையும் இப்படமே வளர்த்தது. படியின் அகலம் காலத்தைப் பற்றியது. உயரம் அளவின் நுட்பத்தைப் பற்றியது. உயரத்தால் விளைவது மெல்லிய இரைச்சல் மட்டுமே. 16 பிட்டில் 65,536 நிலைகள் இருப்பதால் அது மிகச் சிறிது. படத்தில் இரண்டும் ஒரே படியாகத் தெரிவதால் மாணவர் இரண்டையும் ஒன்றென்று கருதிவிடுகிறார்.

பொறியாளர்கள் இந்த ஏமாற்றத்துக்கு என்றும் ஆளானதில்லை. தொலைபேசியில் 3,400-க்கும் 4,000-க்கும் இடையே விட்ட வெளி, வடிகட்டி சரிந்து இறங்குவதற்கான இடமாகும். குறுந்தகட்டில் 20,000-க்கும் 22,050-க்கும் இடையே அந்த வெளி மிகக் குறுகியது. 1982-இல் வந்த முதல் இயந்திரங்களில் சோனி பல அடுக்குகள் கொண்ட செங்குத்தான மின்சுற்று வடிகட்டியை வைத்தது. பிலிப்ஸ் வேறு வழியில் சென்றது. எண்களை எண்களாகவே வடிகட்டி, வேகத்தை நான்கு மடங்காக்கி 1,76,400-க்கு உயர்த்தியது. அதன்பின் வெளியே ஓர் எளிய வடிகட்டி போதுமானதாயிற்று. பின்னர் இந்த இரண்டாம் வழியே பரவியது. இன்றைய ஒலிமாற்றிச் சில்லுகள் வினாடிக்குப் பல இலட்சம் முறை அளந்துவிட்டு, கூரிய வடிகட்டலைச் சில்லுக்குள்ளேயே கணக்காகச் செய்துவிடுகின்றன. வெளியே ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் மட்டுமே தெரியும்.

இதனால்தான் மாணவர் செய்திட்டங்களில் புதிய ஆபத்து முளைத்திருக்கிறது. மலிவான நுண்கட்டுப்படுத்திப் பலகையின் உள்வாயில் ஒலிவாங்கியை நேரே இணைத்து 'இலக்கமுறை ஒலிப்பதிவி' என்று கண்காட்சியில் வைக்கிறார்கள். அப்பலகையில் உள்ளது வெறும் அளவி. ஒலிமாற்றிச் சில்லின் வடிகட்டி அதில் இல்லை. 4,700 ஓம் மின்தடையும் 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் சேர்த்தால் ஏறத்தாழ 3,390 ஹெர்ட்ஸில் தணியத் தொடங்கும் வடிகட்டி கிடைக்கும். செலவு சில ரூபாய். ஆயினும் அது 4,800 ஹெர்ட்ஸை 58 விழுக்காடு அளவுக்குத்தான் தணிக்கும். ஒரு கட்டு போதாது. பல கட்டுகள் வேண்டும், அல்லது வேகமாக அளந்து எண்களை வடிகட்டிவிட்டுப் பிறகு சுருக்க வேண்டும்.

படிக்கட்டுப் படத்தை நீக்கிவிட்டு எதை வைப்பது? ஒரே புள்ளிகளின் வழியே செல்லும் 3,200, 4,800 ஹெர்ட்ஸ் அலைகள் இரண்டையும் வரைந்து காட்டலாம். அதைவிட, காதால் கேட்க வைப்பது மேல். 500 ஹெர்ட்ஸில் தொடங்கி வினாடிக்கு 500 வீதம் ஏறி 14 வினாடியில் 7,500-ஐ எட்டும் சுரம் ஒன்றைக் கணினியில் 48,000 மாதிரி வேகத்தில் உருவாக்குங்கள். ஆறில் ஒரு மாதிரியை மட்டும் பொறுக்கும் நான்கு வரி நிரல் எழுதுங்கள். ஆயத்த மென்பொருள் வேண்டாம். நல்ல மென்பொருள் கேட்காமலே வடிகட்டிவிடும். பொறுக்கிய கோப்பை 8,000 வேகத்தில் ஒலிக்க விடுங்கள். ஏழு வினாடி ஏறும் சுரம், எட்டாவது வினாடியிலிருந்து இறங்கத் தொடங்கிப் புறப்பட்ட 500-க்கே வந்து சேரும். அடுத்து, முதலில் 3,400-க்கு மேல் வடிகட்டிவிட்டுப் பொறுக்குங்கள். ஏழாவது வினாடிக்குச் சற்று முன்பே சுரம் மங்கி நின்றுவிடும். மீதி நேரம் அமைதி.