இரட்சணிய யாத்திரிகம்: மதமாற்றமும் மொழித் தொடர்ச்சியும்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் நூலாக வெளிவந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, தமிழ்க் காப்பிய மரபில் எழுதப்பட்ட கிறிஸ்தவக் காப்பியம் இது. ஐந்து பருவங்களும் 3700-க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. இந்நூலால் கிருஷ்ணபிள்ளை 'கிறிஸ்தவக் கம்பர்' என அழைக்கப்பட்டார். ஒருவர் மதம் மாறும்போது தன் மொழியின் இலக்கியச் செல்வத்தையும் விட்டுவிட வேண்டுமா என்ற கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழில் எழுந்த விரிவான பதில் என இந்நூலை வாசிக்கலாம்.

பின்னணி

கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்ற ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் தேர்ந்த தந்தையிடமிருந்து இளமையிலேயே அக்காப்பியத்தைக் கற்றார். 1853-ல் சாயர்புரம் கிறிஸ்தவக் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது அவருக்குக் கிறிஸ்தவத்தின்மேல் பற்று இல்லை, எதிர்ப்பே இருந்தது. நண்பர்களுடனும் தனக்குள்ளும் நடத்திய நீண்ட விவாதத்துக்குப் பின் 1858-ல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அவருடைய பெயரின் முன் சேர்ந்தது.

அன்றைய திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவம் பெரும்பாலும் ஊர் ஊராகவும் சமூகமாகவும் பரவியது. கிருஷ்ணபிள்ளையைப் போன்ற ஒரு வேளாளக் கல்விமான் தனியாக மதம் மாறுவது வேறு வகையான முடிவு. அது குடும்பத்தில் துயரத்தையும் உறவுகளிடையே விலகலையும் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தின் மதப்பிரச்சாரத்துக்கு உரிய வடிவங்கள் துண்டுப்பிரசுரம், தெருப்பிரசங்கம், கண்டன நூல் ஆகியவை. பிற மதத்தின் பிழைகளை எடுத்துக்காட்டி, அதன்பின் தன் மதத்தை முன்வைப்பது அவற்றின் முறை. எதிர்த்தரப்பும் அதே வடிவங்களைக் கைக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலிடம் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் இருந்த ஆறுமுக நாவலர், பிற்பாடு அச்சையும் பிரசங்கத்தையும் சைவத்தின் பொருட்டுப் பயன்படுத்தினார். அதே பெர்சிவல் சென்னையில் நடத்திய 'தினவர்த்தமானி' இதழில் கிருஷ்ணபிள்ளை பணியாற்றினார். கண்டன உரைநடையின் சூழல் அவருக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் தன் வாழ்நாளின் பெரும்பணிக்கு அவர் காப்பியத்தையே தேர்ந்தார்.

தழுவலின் தன்மை

பனியன் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழில் செய்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். அவருடைய நூலின் உரைநடை எளியது. முதுகில் பாவச்சுமையுடன் தன் நகரை விட்டு ஓடும் ஒருவன், மனைவியும் பிள்ளைகளும் கூவி அழைக்கும்போது காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். வழியில் சேறும், மலையும், மாயச் சந்தையும், ஐயக் கோட்டையும் எதிர்ப்படுகின்றன. இறுதியில் ஓர் ஆற்றைக் கடந்து விண்ணக நகரை அடைகிறான்.

இக்கதை தமிழில் உரைநடை மொழிபெயர்ப்பாக ஏற்கனவே கிடைத்தது. எனவே கதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்வது மட்டும் கிருஷ்ணபிள்ளையின் நோக்கமாக இருக்க முடியாது. வீட்டையும் உறவையும் பிரிந்து செல்பவனின் கதை அவருக்குத் தன் வாழ்க்கையோடு நெருக்கமானது. அதைத் தான் கற்ற மொழியில், தன்னைப்போல் கம்பனைக் கற்றவர்களின் முன் சொல்லவே அவர் முனைந்தார் எனலாம். 'நற்போதகம்' இதழில் பகுதி பகுதியாக வெளிவந்தபின் நூல் முழுமை பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என்ற பகுப்பும், அவற்றுள் படலங்கள் என்ற அமைப்பும் தமிழ்க் காப்பிய வாசகர் உடனே அறிந்துகொள்ளும் வடிவம்.

இவ்வகையில் அவருக்கு முன்னோடி உண்டு. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் தேம்பாவணியை இயற்றினார். ஆனால் வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழ்க் காப்பிய மரபைக் கற்றவர். கிருஷ்ணபிள்ளை அம்மரபுக்குள் பிறந்து வளர்ந்து, மதம் மாறியபின் அதனிடமே திரும்பியவர்.

குமார பருவம்

நூலின் உச்சம் குமார பருவத்தில் உள்ள இரட்சணிய சரித படலம். பனியனின் கதையில் சிலுவை ஒரு சிறு நிகழ்வு. பயணி அதன் முன் வந்து நிற்கிறான். சுமை கழன்று உருண்டு விழுகிறது. கதை மேலே நகர்கிறது. இயேசுவின் வரலாற்றை அறிந்த வாசகருக்கு அவ்வளவு போதும் என்று பனியன் நினைத்தார். கிருஷ்ணபிள்ளை அந்த இடத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். மூலத்திலிருந்து அவர் செய்த மிக முக்கியமான மாற்றம் இது.

இம்மாற்றத்தின் காரணம் பக்தி மரபில் உள்ளது. ஆழ்வார்களையும் கம்பனையும் கற்ற மனத்துக்கு மீட்பு என்பது ஒரு கோட்பாடாக வந்து சேராது. அன்புசெய்ய ஓர் உருவமும், உருகுவதற்கு ஒரு சரிதையும் வேண்டும். கயிற்றால் கட்டப்படும் இயேசு தன் அன்பின் காரணமாகவே அக்கட்டுக்கு உடன்படுகிறார். தன்னை இகழ்வோருக்காக இரங்குகிறார். கம்பனின் பிணிவீட்டு படலத்தில், பிரம்மாஸ்திரத்துக்கு மதிப்பளித்துக் கட்டுப்பட்டு நிற்கும் அனுமனை அறிந்த வாசகருக்கு, வலிமை உள்ளவர் தாமே கட்டுப்படுவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. நிலம் வெடிக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே என்று மக்கள் அரற்றும் பாடல்கள், இராமன் காடேகும்போது அயோத்தி அழும் அழுகையை நினைவூட்டுபவை.

நூலின் இடையிடையே வரும் பக்திப் பாடல்களுக்குத் தேவாரம் என்றே அவர் பெயரிட்டார். வைணவராகப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவர் சைவத் திருமுறையின் பெயரை எடுத்துக்கொள்கிறார். இப்பாடல்களில் வாதம் இல்லை. தகுதியற்றவனுக்குக் கிடைத்த அருளை எண்ணிக் கசியும் குரலே உள்ளது. காப்பியத்தின் கதைப்போக்கை விட இவை எளிதில் நெஞ்சில் தங்குகின்றன. கிருஷ்ணபிள்ளையின் பாடல்கள் சில தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன.

எல்லைகள்

நூலின் குறைகளும் இதே தேர்விலிருந்து வருபவை. பனியனின் பாத்திரங்கள் பிடிவாதம், அறியாமை, உலக ஞானம் போன்ற குணங்களின் பெயர் கொண்டவை. ஆனாலும் அவை சந்தையிலும் சாலையிலும் காணும் மனிதர்களைப்போலப் பேசுகின்றன. அப்பேச்சிலுள்ள குறும்பே உருவகக் கதைக்கு உயிரூட்டுகிறது. காப்பியச் செய்யுளில் அனைவரும் ஒரே உயர்நடையில் பேசுவதால் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது. கம்பனில் வருணனை கதைமாந்தரின் உணர்வோடு இணைந்து நிற்கும். இங்கே பல இடங்களில் வருணனை மரபை நிறைவு செய்வதற்காகவே வருகிறது. கோட்பாட்டு விளக்கங்கள் நீளும் படலங்களில் கவிஞர் பின்வாங்கி ஆசிரியர் முன்னால் வருகிறார்.

இரண்டாவது எல்லை வாசகர் பற்றியது. எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கக்கூடிய நூல் பனியனுடையது. இரட்சணிய யாத்திரிகத்தை உரையின்றி வாசிக்கக் காப்பியப் பயிற்சி வேண்டும். திருநெல்வேலித் திருச்சபையின் பெரும்பான்மையோர் அப்பயிற்சி மறுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கிறிஸ்தவம் பள்ளிக்கூடமாகவும் எளிய உரைநடையாகவும் வந்தது. காப்பியமோ கற்ற உயர்குடியினரை நோக்கிப் பேசியது. பழைய இலக்கியச் செல்வத்தைக் காத்துக்கொள்வது கிருஷ்ணபிள்ளைக்கு இயல்பானது. அச்செல்வத்தில் ஒருபோதும் பங்கு பெறாதவர்களுக்கு அக்காப்பாற்றுதலின் பொருள் வேறு. இந்த இடைவெளியைக் காப்பியம் கடக்கவில்லை. அதன் தேவாரங்கள் ஓரளவு கடந்தன.

மதிப்பீடு

மதப்பிரச்சார நூல் என்று பார்த்தால் இரட்சணிய யாத்திரிகத்தின் நேரடி விளைவு சிறியதே. பெருங்காப்பியம் என்று பார்த்தால் அது சீரானது அல்ல. ஆனால் கிறிஸ்தவத்தைத் தமிழில் சொல்லும் முறையில் அது நிகழ்த்திய மாற்றம் முக்கியமானது. பிற மதத்தை மறுப்பதிலிருந்து தொடங்காமல், தன் வழிபடு தெய்வத்தை நேசிப்பதிலிருந்து தொடங்கும் ஒரு கிறிஸ்தவக் குரலை அது நிலைநிறுத்தியது. அந்தக் குரலின் சொற்கள் பலவும் கிருஷ்ணபிள்ளை விட்டுவந்த மதங்களின் சொற்களே. அவற்றைப் பகைப்புலத்தின் கருவிகளாக அவர் கையாளவில்லை, தாய்மொழியாகவே பேசினார்.

நிறுவனமும் பெயரும் வழிபாடும் மாறியபின் ஒருவரிடம் எஞ்சுவது எது என்ற கேள்விக்கு விடை இரட்சணிய சரித படலத்தில் உள்ளது. கிருஷ்ணபிள்ளை அழக் கற்றது கம்பனிடம். சிலுவையின் முன் அவர் அழுததும் அந்த மொழியில்தான்.