அனார்கலியின் சொந்தக் குரல்

கே. ஆசிஃபின் 'முகலே ஆஸம்' 1960இல் வெளிவந்த படம். 'அக்பர்' என்ற பெயரில் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. அந்தப் படத்தை 2016இல் பெரோஸ் அப்பாஸ் கான் மும்பையில் இசை நாடகமாக மேடையேற்றினார். கதக் ஆடும் பெரிய குழு, மனிஷ் மல்ஹோத்ராவின் ஆடைகள், பின்னால் ஒளியில் தோன்றும் மாளிகைகள் என்று எல்லாம் பிரமாண்டம். புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், பிரமாண்டம் படத்திலேயே வேண்டிய மட்டும் கிடக்கு. மேடை புதிதாகத் தந்தது அனார்கலியின் குரலை.

படத்தில் நடித்தவர் மதுபாலா. பாடியவர் லதா மங்கேஷ்கர். சீஷ் மஹாலில், பேரரசரின் முகத்துக்கு நேரே நின்று, காதலித்ததற்காகப் பயப்பட மாட்டேன் என்று அவள் பாடுவதுதான் கதையின் உச்சம். நௌஷாதின் இசை, ஷகீல் பதாயூனியின் வரிகள், கூரைக் கண்ணாடிகளிலெல்லாம் சுழலும் அவள் உருவம். எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. ஆனாலும் உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த அந்தக் குரலுக்கு ஆட்டத்தின் களைப்புத் தெரியாது.

மேடையில் அனார்கலியாக நடித்த பிரியங்கா பர்வேயும் நேஹா சர்கமும் தாங்களே நேரடியாகப் பாடினார்கள். சபையோருக்கு லதாவின் குரல் மனப்பாடம். அந்த நினைவுக்கு முன்னால் நின்று பாடுவது லேசான காரியமா? ஓர் அடிமைப் பெண் அரசனை எதிர்த்துப் பாடுகிறாள் என்றால், குரல் எங்கே உடைந்துவிடுமோ என்ற பதற்றம் நமக்கும் வரவேண்டும். அந்தப் பதற்றம் மேடைக்கே உரியது. ஆடுகிறவரே பாடும் எங்கட மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் குறை முடிவைப் பற்றியது. இந்தக் கதைக்கு மேடை புதிதல்ல. இம்தியாஸ் அலி தாஜ் 1922இல் எழுதிய 'அனார்கலி' என்ற உருது நாடகத்தில் அவள் உயிரோடு சுவருக்குள் புதைக்கப்படுகிறாள். படம் அதை மாற்றியது. சலீம் பிறந்த செய்தியைக் கொண்டுவந்த தாதிக்கு அக்பர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தாதிதான் அனார்கலியின் உம்மா. வாக்கைக் காப்பாற்ற, சுரங்கப் பாதை வழியே இருவரையும் இரகசியமாக அனுப்பிவிடுகிறார். சலீமுக்குத் தெரியாது. பேரரசரின் நீதி நிலைக்கிறது. அனார்கலியோ உயிரோடிருந்தும் இல்லாதவளாகிப் போகிறாள்.

இசை நாடகமும் படத்தின் வழியிலேயே போகிறது. இது வரலாறு, கைவைக்கக் கூடாது என்று சொல்வதற்கும் இடமில்லை. அபுல் பஸ்லின் 'அக்பர்நாமா'விலும் அனார்கலி இல்லை, ஜஹாங்கீர் தானே எழுதிய சுயசரிதையிலும் இல்லை. தாஜும் ஆசிஃபும் தங்கள் தங்கள் காலத்துக்கு ஏற்ற முடிவைத் தேடிக்கொண்டார்கள். 2016இன் மேடைக்கும் அந்த உரிமை இருந்தது.

சபை நடுவே இவ்வளவு துணிந்து பாடிய பெண், தன்னைச் சுரங்கத்துக்குள் அனுப்பும்போது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை? பாட்டை அவளுடைய தொண்டைக்கே திருப்பிக் கொடுத்தவர்கள், கடைசிக் காட்சியிலும் அவளை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம்.