சமையல்காரர் முதலில் யாருக்குச் சமைத்தார்?

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு புரொஜெக்டுக்காகத்தான் ரூபி ஆன் ரெயில்ஸை முதலில் தொட்டேன். ஒரு நூலக நிரல். புத்தகத்துக்கு மலாய்ச் சொல்லான 'புக்கு'வையே கிளாஸ் பெயராக வைத்தேன். ரெயில்ஸ் என்னைக் கேட்காமலேயே டேட்டாபேஸில் 'புக்குஸ்' என்ற டேபிளைத் தேடியது! மலாய்ப் பன்மை 'புக்கு-புக்கு' என்று அதற்கு யார் சொல்வது? அன்றைக்கு அறையே சிரித்தது.

ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2016இல் 'ரெயில்ஸ் கோட்பாடு' என்ற கட்டுரையை வெளியிட்டார். ஒன்பது கொள்கைகள். அவற்றில் ஒன்றுக்கு ஜப்பானிய 'ஒமாகாசே'தான் உவமை. என்ன சாப்பிடுவது என்பதைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவது. நல்ல உவமைதான். டேபிளுக்கு என்ன பெயர், ஃபைல் எந்த ஃபோல்டரில் என்று சண்டை போட்டு நாங்கள் வீணாக்கியிருக்கக்கூடிய மாலைகளை ரெயில்ஸ் மிச்சப்படுத்தியது. புதிதாக வேலைக்கு வருபவருக்கும் முதல் நாளே எது எங்கே இருக்குமென்று தெரியும்.

ஆனால் இந்த உவமை ஒன்றை மறைக்கிறது. சமையல்காரர் முதலில் சமைத்தது தன் வீட்டுக்கு. பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2004இல் வெளிவந்ததுதான் ரெயில்ஸ். சிறிய குழு, ஒரே செயலி. அந்த வீட்டில் டேட்டாபேஸ் வெறும் அலமாரியாக இருந்தால் போதும், விதிகளெல்லாம் நிரலில் இருக்கலாம். டேபிள்களைப் பிணைக்கும் ஃபாரின் கீ வசதியே 2014இல் வந்த 4.2இல்தான் ரெயில்ஸுக்குள் சேர்ந்தது.

இதற்கான விலையை என் முதல் வேலையில் கொடுத்தேன். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரே கணக்கு என்று மாடலில் ஒரு வரி எழுதியிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார், இரண்டு கணக்குகள் உருவாகிவிட்டன. ரெயில்ஸ் முதலில் தேடிப் பார்க்கும், பிறகுதான் எழுதும். அந்த இடைவெளிக்குள் இரண்டாவது கோரிக்கை நுழைந்துவிட்டது. டேட்டாபேஸிலும் யூனிக் இண்டெக்ஸ் போட வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும், 'இந்த ஒரு வரி போதும்' என்ற நம்பிக்கையை எனக்குக் கொடுத்தது அந்த வரியின் அழகுதானே? அழகான நிரலைப் போற்று என்பதும் அந்த ஒன்பதில் ஒன்று.

இன்னமும் ரெயில்ஸில்தான் எழுதுகிறேன். இப்போது புது ஃபிரேம்வொர்க் எதையாவது யாராவது சிபாரிசு செய்தால், வேகத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்பேன். அது எந்தச் செயலிக்காகப் பிறந்தது, அந்தக் குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். பாதி நேரம் பதில் கிடைப்பதில்லை.