இருளில் ஒரு சொல்

ஆங்கிலக் கவிதைக்கு வெளியே அரிதாகவே வழங்கும் சொற்களுள் ‘டார்க்லிங்’ என்பதும் ஒன்று. அதனைக் கவித்துவச் சொல்லெனப் பாராட்டுவதோடு அமைவது எளிது. ஆயின், அச்சொல் குறிக்கும் இருள் எவருடையது என வினவுவதே இங்கு எமது நோக்கமாகும்.

வினையிற் பிறந்த எச்சம்போல ஒலிப்பினும், இச்சொல் அடிப்படையில் வினையடையாகும். ‘இருளில் இருந்தவாறு’ என்பது அதன் பொருள். அதனை எச்சமெனக் கருதிய ஜோன்சன், அதற்குரிய மூலவினையைத் தாம் கண்டதில்லை என 1755இல் வெளியான தமது அகராதியிற் குறித்துள்ளார்.

1608இல் அச்சேறிய ‘லியர் மன்னன்’ நாடகத்திலே, சிட்டு ஊட்டி வளர்த்த குயிற்குஞ்சு அச்சிட்டின் தலையையே கடித்த கதையைச் சொல்லும் விதூஷகன், விளக்கு அணைந்ததாகவும் தாம் யாவரும் இருளில் விடப்பட்டதாகவும் கூறுகிறான். இவ்விருள் இயற்கையானதன்று, நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்த மன்னனின் செயலால் விளைந்தது. அதனை அனுபவிப்போர் பலர்.

1660இல் முடியாட்சி மீண்டபின், பார்வையற்ற குடியரசுவாதியான மில்ற்றன், 1667இல் வெளிவந்த ‘சுவர்க்க நீக்க’த்தின் மூன்றாங் காண்டத்தில் இருளிற் பாடும் பறவையை நினைவுகூர்கிறார். அவரது இருளுக்கும் வரலாறு உண்டு. 1819இல் இராக்குயிலைப் பாடிய கீற்ஸிடமோ அது செவிமடுக்கும் தனியொருவரின் அகவுணர்வாகச் சுருங்குகின்றது.

1867இல் வெளியான ஆர்னல்டின் ‘டோவர் கடற்கரை’யில் இச்சொல் சமவெளிக்கு அடைமொழியாகின்றது. பெயரடை வழக்கு அவருக்கு முந்தியதே. எனினும் அவரிடத்தில் அது ஓர் உலகநோக்கைத் தாங்கி நிற்கின்றது. இருள் இப்பொழுது மாந்தருக்கு நேர்ந்த நிலையன்று, உலகின் இயல்பு. படைகள் ஒன்றையொன்று அறியாது மோதுகின்றன. விளக்கை அணைத்தவர் யாரென்ற வினா எழுவதில்லை. விதூஷகனின் ‘நாம்’ இங்கு காதலர் இருவராகக் குறுகிவிட்டது. சமய நம்பிக்கை தளர்ந்த காலத்தின் துயரை ஆர்னல்ட் நேர்மையுடன் உரைத்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், காரணத்தைத் தேடாத துயர் விதியாகத் தோற்றமளிக்கும்.

1900 டிசம்பரில் வெளியான ஹார்டியின் கவிதையில் அவ்வடைமொழி முதிர்ந்து மெலிந்த பறவையொன்றைச் சார்கின்றது. அப்பறவையின் பாட்டிலே நம்பிக்கை ஒலிக்கின்றது. அதற்கான காரணம் மட்டும் கவிஞருக்குப் புலப்படவில்லை.

இச்சொல்லை எவ்விடத்தும் ‘இருண்ட’ எனத் தமிழில் பெயர்ப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ‘இருளில் விடப்பட்ட’ என்னுந்தொடர் விட்டவரைப் பற்றிய வினாவை எழுப்பும்; ‘இருண்ட’ என்பது அவ்வினாவையே அவித்துவிடும்.