ஹால் ஹோல்புரூக்: ஒரே வேடத்தில் அறுபது ஆண்டுகள்

ஹால் ஹோல்புரூக் (1925–2021) அமெரிக்க நாடக, திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தவர். எழுத்தாளர் மார்க் டுவெய்னாகத் தனித்து நடித்த ‘மார்க் டுவெய்ன் டுநைட்!’ என்ற மேடை நிகழ்ச்சியே இவருக்குப் பெரும்புகழைத் தந்தது. 1954இல் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஆசிரியர் கல்லூரியில் தொடங்கிய இதனை 2017 வரை, இரண்டாயிரம் முறைக்கு மேல் நடத்தினார். 1966இல் பிராட்வேயில் நடித்தபோது டோனி விருது பெற்றார்.

ஒரே வேடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது வளர்ச்சியா, தேக்கமா என்பதே இவரை மதிப்பிடுவோர் எதிர்கொள்ளும் முதன்மைக் கேள்வி. வேடம் ஒன்றாக இருந்தாலும் நிகழ்ச்சி ஒன்றாக இருக்கவில்லை. டுவெய்னின் எழுத்துகளிலிருந்து பல மணி நேரத்துக்கான பகுதிகளை மனப்பாடமாக வைத்திருந்த ஹோல்புரூக், நாட்டின் நிலைமைக்கேற்ப அவற்றை மாற்றி மாற்றித் தேர்ந்தார். சமகால அரசியல்வாதி எவரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. அடிமை முறை, போர், பணத்தாசை பற்றிய பழைய சொற்களையே பேசினார். பொருத்திப் பார்க்கும் வேலையைப் பார்வையாளரிடம் விட்டார். இந்த நம்பிக்கையே நிகழ்ச்சியின் பலம்.

நடிப்பும் வயதோடு மாறியது. தொடக்கத்தில் இருபதுகளில் இருந்த இளைஞர், எழுபது வயது முதியவராகத் தோன்றப் பல மணி நேரம் ஒப்பனை செய்ய வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் டுவெய்னைவிட மூத்தவராகிவிட்டார். முதலில் முதுமையை நடித்தவர், இறுதியில் தன் முதுமையை மறைத்து எழுபது வயதின் துடிப்பை நடிக்க வேண்டியதாயிற்று.

குறையும் உண்டு. டுவெய்ன் வெள்ளை உடையை வழக்கமாக அணியத் தொடங்கியது 1906இல்தான். அவரது சொற்பொழிவுப் பயணங்கள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அவரது குரல் பதிவு எதுவும் இன்று இல்லை. ஆயினும் வெள்ளை உடையும் இழுத்துப் பேசும் குரலுமே டுவெய்ன் என்று பலர் மனத்தில் பதிந்ததில் ஹோல்புரூக்குக்குப் பெரும்பங்கு உண்டு. நகல் வலுவாக அமைந்தால் மூலத்தை மறைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

திரைப்படங்களில் இவரிடம் நேர்மாறான அடக்கத்தைக் காணலாம். ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ (1976) படத்தில் வாகன நிறுத்துமிடத்தின் இருளில், முகம் பாதி மறைய, செய்தியாளருக்கு மறைமுகமாகத் துப்புக் கொடுப்பவராக வருகிறார். சில காட்சிகளே என்றாலும் படத்தின் அச்சவுணர்வை அவை தாங்குகின்றன. ‘இன்டு த வைல்டு’ (2007) படத்தில், வீட்டைத் துறந்து அலையும் இளைஞனைத் தத்தெடுக்க விரும்பும் தனிமை முதியவராக நடித்து, 82ஆம் வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். அங்கே ஒப்பனையோ நகைச்சுவையோ துணைக்கு இல்லை. மறுமொழிக்குக் காத்திருக்கும் முகம் மட்டுமே இருக்கிறது.

மேடையில் மற்றொருவரின் சொற்களால் அரங்கை நிறைத்தவர், திரையில் மௌனத்தால் நிறைத்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு வேடம் அவருக்குச் சிறையாக அன்றி நெடிய பயிற்சிக்களமாகவே அமைந்தது எனலாம்.